பிள்ளைகளின் விளையாட்டும் பெற்றோரின் முதலும்

வியாபாரம் செய்யும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. கையை விட்டுப் பணம் போகும்போது, அது செலவா, முதலா என்று கேட்டுக்கொள்வோம். கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஆள் சம்பளம் இவையெல்லாம் செலவு. வாங்கி அடுக்கும் சரக்கு முதல். செலவு திரும்பி வராது. முதல் திரும்பி வரவேண்டும். இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதி வைப்பவருடைய கடை நெடுநாள் நிற்காது என்பது நம்மில் யாவரும் அறிந்ததே.

கடைக் கணக்கில் இத்தனை கண்டிப்பாக இருக்கும் நாம், வீட்டுக் கணக்கில் ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பிப் போகிறோம். பிள்ளைகளின் விளையாட்டுக்காகக் கொடுக்கும் பணம் செலவா, முதலா? பெருந்தொகை போட்டால் பிற்காலத்தில் பிள்ளைக்குப் பெரும் பயன் உண்டாகுமா? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு வணிக அன்பர். கோலாலம்பூரில் இரண்டு ஜவுளிக் கடை வைத்திருப்பவர். ஓர் இரவு கடை அடைத்த பிறகு வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வயதான அவருடைய மகன் பூப்பந்தாட்டத்தில் கெட்டிக்காரன். பள்ளிப் பந்தயங்களில் இரண்டு கோப்பைகள் வாங்கியிருக்கிறான். இனித் தனிப் பயிற்சியும் வெளிநாட்டுப் பந்தயங்களும் இருந்தால்தான் மேலே வரமுடியும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம்.

“காக்கா, இரண்டாவது கடையைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பையனுக்குப் போட்ட முதல் வீண் போகாது அல்லவா?” என்று கேட்டார்.

“தம்பி, இரண்டு வாரம் பொறுங்கள். நான் கொஞ்சம் விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். விசாரித்ததில் அறிந்தவற்றையே கீழே தருகிறேன்.

உடம்புக் கணக்கு

முதலில் விளையாட்டின் நன்மையைப் பார்ப்போம். நம் தகப்பன்மார் காலத்தில் விளையாட்டு என்றால் வீண்பொழுது என்றே எண்ணினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பையன் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். காலை முதல் இரவு வரை கடை; இரவு பத்து மணிக்குமேல் சாப்பாடு; பிறகு தூக்கம். அந்த உழைப்பினால் கடைகள் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் உட்கார்ந்தே கழித்த உடம்புகள் என்னவாயின என்பதையும் பார்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். இந்திய வம்சாவளியினரில் மட்டும் அது 31.4 சதவீதம், ஏறக்குறைய மூவரில் ஒருவர். எல்லா இனங்களிலும் நமக்கே முதலிடம். இந்த முதலிடம் நமக்குப் பெருமையான காரியமா?

ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள், சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சிறு வயதில் ஓடியாடிய பிள்ளை பெரியவனான பிறகும் அப்பழக்கத்தை விடாமலிருப்பானா என்று கேட்கலாம். பின்லாந்து தேசத்தில் 1980-இல் 3,596 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். அவர்கள் வளர்ந்து ஆளான பின்பும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இருபத்தோர் ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பள்ளிப் பருவத்தில் இடைவிடாது பல ஆண்டுகள் விளையாடி வந்தவர்களே, நடுத்தர வயதை நெருங்கும்போதும் உடம்பை அசைத்து வாழ்பவர்களாக அதிகம் இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பயன் தந்தது ‘இடைவிடாது’ என்பதுதான். எத்தனை பணம் கொடுத்தார்கள், எத்தனை கோப்பைகள் வாங்கினார்கள் என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. இரண்டு வருஷம் மிகக் கடுமையாக ஆடிவிட்டு வெறுத்துப் போய் மட்டையைத் தூக்கி எறிந்த பிள்ளையைவிட, பத்து வருஷம் சாதாரணமாக ஆடிய பிள்ளைக்கே இந்த லாபம் சேரும்.

பதக்கக் கணக்கு

அடுத்து, பெருந்தொகை போடுபவர்கள் எதிர்பார்க்கும் லாபத்தைப் பார்ப்போம். பதக்கம், பரிசுப் பணம், கல்லூரியில் இடம், உபகாரச் சம்பளம் என்பவையே அந்த எதிர்பார்ப்பு.

அன்பர் காட்டிய கணக்கை இங்கே வெளியிடுவது முறையன்று. அதைப் போன்ற ஓர் உதாரணக் கணக்கு எழுதுகிறேன். தனிப் பயிற்சிக்கு மாதம் 800 வெள்ளி. மட்டை, பந்து, காலணி 300 வெள்ளி. பந்தயப் பயணம் சராசரி 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500, வருஷம் 18,000. பத்து வயதில் தொடங்கிப் பதினேழு வயது முடிய எட்டு வருஷத்தில் 144,000 வெள்ளி ஆகிவிடும். ஒரு சிறிய கடைக்கு வேண்டிய முதல் இதில் அடங்கிவிடும். வெளிநாட்டுப் பந்தயங்களையும் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும்.

இப்படிச் செலவு ஏறுவது நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆஸ்பென் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, 2024-இல் ஒரு குடும்பம் ஒரு பிள்ளையின் முக்கிய விளையாட்டுக்குச் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டது. இது 2019-ஐவிட 46 சதவீதம் அதிகம். அங்கே பல பெற்றோரின் நம்பிக்கை கல்லூரி உபகாரச் சம்பளத்தின் மேல் இருக்கிறது. ஆனால் அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே சொல்வது என்ன? உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளைகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கே கல்லூரியில் விளையாட்டு உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. நூறு மூட்டை சரக்கு வாங்கினால் இரண்டு மூட்டைதான் விலை போகும் என்று தெரிந்தால், நம்மில் யார் அந்தச் சரக்கில் கை வைப்போம்?

“அந்த இரண்டில் என் பிள்ளை ஒருவனாக இருக்கக்கூடாதா?” என்று தகப்பன் மனம் கேட்கும். நியாயமான கேள்வி. ஆகவே, வென்ற பிள்ளையின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

அண்டை நாடான சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங்கை அறியாதவர் இல்லை. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடியில் நீந்தி, மைக்கேல் பெல்ப்ஸையே முந்தித் தங்கம் வென்றார். சிங்கப்பூருக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். 2009-இல் பள்ளிப் பருவத்திலேயே அவரை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பிப் படிக்கவும் பயிற்சி பெறவும் வைத்தார்கள் பெற்றோர். அவர்களுக்கு அவர் ஒரே பிள்ளை. அதற்கெல்லாம் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. தங்கத்துக்கு அவருக்குக் கிடைத்த வெகுமதியும் பத்து லட்சம் வெள்ளியே. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு விளையாட்டுச் சங்கத்தின் பயிற்சி நிதிக்குப் போகவேண்டும் என்பது விதி.

விளம்பர வருமானம் வேறு உண்டு. நாட்டுக்குக் கிடைத்த புகழுக்கு விலை இல்லை. அவருடைய பெற்றோரைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. அவர்கள் தங்கள் கணக்கை அறிந்தே செய்தவர்கள். ஆயினும் நாம் பார்க்க வேண்டியது இது: உலகத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் பேரேட்டிலும், போட்ட முதலும் கிடைத்த வெகுமதியும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கின்றன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் முதற்சுற்றைத் தாண்டவில்லை. 2024-இல் 28 வயதில் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் தொழிலில் கால் ஊன்றும் வயதில் விளையாட்டுக்காரனின் தொழில் முடிந்துவிடுகிறது. முதலாவதாக வந்தவர் கணக்கு இது. நூறாவதாக வந்த பிள்ளைகளின் கணக்கைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை.

சீக்கிரம் தொடங்கினால் முந்தலாமா?

“சிறு வயதிலேயே ஒரே ஆட்டத்தில் இறக்கிவிட்டால்தான் பையன் தேறுவான்” என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்னே கியூலிக் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் திரட்டி, 6,096 விளையாட்டுக்காரர்களின் வரலாற்றைச் சோதித்தார்கள். அவர்களில் 772 பேர் உலகின் முன்னணி வரிசையில் நின்றவர்கள்.

முடிவு பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. சிறுவர் பந்தயங்களில் முந்தி நின்றவர்கள், சீக்கிரம் தொடங்கி ஒரே ஆட்டத்தில் அதிகம் பழகியவர்களே. ஆனால் பெரியவர்களான பிறகு உலக வரிசைக்கு வந்தவர்கள், சிறு வயதில் பல ஆட்டங்களை ஆடி, தங்கள் முக்கிய ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாகவே தொடங்கி, முதலில் மெதுவாக முன்னேறியவர்கள். பன்னிரண்டு வயதில் வாங்கும் கோப்பை, இருபத்திரண்டு வயதுக்கு ஜாமீன் ஆகாது என்பதே இதன் பொருள்.

வைத்தியர்களும் எச்சரிக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2016-இல் தந்த ஆலோசனை இது: பதினைந்து, பதினாறு வயதுவரை ஒரே ஆட்டத்தில் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டாம், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும், வருஷத்தில் மூன்று மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்து, அந்த ஆட்டத்துக்கு விடுமுறை வேண்டும். சிகாகோ வைத்தியர்கள் 2015-இல் கண்டது இன்னொன்று. வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு, எலும்பும் மூட்டும் ஓய்வின்றித் தேய்ந்து உண்டாகும் கடுமையான காயங்கள் அதிகம் நேர்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரமே எல்லை.

பணத்தின் பாரம் யார் தலையில்?

விசாரணையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 163 பெற்றோரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் விசாரித்து, 2016-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். குடும்ப வருமானத்தில் எத்தனை பங்கு விளையாட்டுக்குப் போகிறது என்று பெற்றோரிடம் கேட்டார்கள். ஆட்டத்தில் சந்தோஷம் உண்டா, பெற்றோரின் நெருக்குதல் உண்டா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். வருமானத்தில் செலவின் பங்கு ஏற ஏற, பிள்ளை உணரும் நெருக்குதலும் ஏறியது. நெருக்குதல் ஏற ஏற, ஆட்டத்தில் சந்தோஷமும் தொடர்ந்து ஆடவேண்டும் என்ற விருப்பமும் குறைந்தன.

வியாபாரிகளான நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். கைமாற்று வாங்கி வாங்கிய சரக்கை நாம் எப்படிப் பார்ப்போம்? விற்றதா, விற்றதா என்று நாளுக்குப் பத்து முறை பார்ப்போம். பிள்ளையையும் அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டால், அவன் வாயால் சொல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். தோற்றால் தகப்பனுக்கு நஷ்டம் என்று அறிந்த பிள்ளை எப்படிச் சந்தோஷமாக ஆடுவான்? முன்பு நாம் பார்த்தபடி, நெடுங்காலப் பயன் இடைவிடாது ஆடுவதில் இருக்கிறது. சந்தோஷம் போனால் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் அந்தப் பயனும் போகும். பெருந்தொகை போட்டதே பயனைக் கெடுத்துவிடும் விபரீதம் இப்படித்தான் நேருகிறது.

இரண்டு ஓட்டக்காரர்கள்

நம் மண்ணிலேயே இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மலேசியாவின் எம். ஜெகதீசன், இரண்டாவதாக வந்தவர் சிங்கப்பூரின் சி. குணாளன்.

ஜெகதீசன் மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். வைத்தியக் கல்வி பயின்றுகொண்டே ஓடி, டாக்டரானார். பின்னர் வைத்திய ஆராய்ச்சித் துறையில் உயர் பொறுப்பு வகித்தார். 1968-இல் மெக்ஸிகோவில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய மலேசியச் சாதனை, 2017 வரை 49 ஆண்டுகள் நிலைத்தது. குணாளன் முதலில் பந்தாட்டக்காரர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருக்கும்போதுதான் அவருடைய வேகத்தைக் கண்டு ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அப்படித் தாமதமாக வந்தவர் 1968-இல் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 2001 வரை சிங்கப்பூரில் நின்றது. அவர் ஆசிரியராகவும், பிறகு உடற்கல்வி விரிவுரையாளராகவும் வாழ்ந்தார்.

அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்பீர்கள். உண்மைதான். இன்று போட்டி கடுமை, விளையாட்டே தொழிலாகிவிட்டது. ஆயினும் ஓட்டம் முடிந்த மறுநாள் நிற்பதற்கு இருவருக்கும் வேறோர் இடம் இருந்தது. இந்தப் பாடம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் அபிப்பிராயம் இதுவே. விளையாட்டு பிள்ளைக்கு அவசியம். அதற்குக் கொடுக்கும் பணம் சோற்றுக்கும் படிப்புக்கும் கொடுப்பதைப் போன்ற செலவு. அதை முதலாக எண்ணி லாபம் எதிர்பார்ப்பதுதான் தவறு. ஆகவே:

1. ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், தினம் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள். கடையில் உதவிக்கு ஆள் இல்லை என்று அந்த மணி நேரத்தைப் பறிக்க வேண்டாம். நீச்சல் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். அது உயிர் காக்கும் வித்தை.

2. பதினைந்து வயதுவரை பல ஆட்டங்களையும் ஆடட்டும். வாராந்தர ஓய்வும் வருஷ விடுமுறையும் இருக்கட்டும். பயிற்சி மணி நேரம் வயதைத் தாண்ட வேண்டாம்.

3. பணத்தை லாபத்திலிருந்து கொடுங்கள், முதலைத் தொடாதீர்கள். கடன் வாங்கியோ, கடையைக் கொடுத்தோ, வீட்டு நகையை வைத்தோ பயிற்சி வேண்டாம். மற்றப் பிள்ளைகளின் பங்கும் அந்தப் பணத்தில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

4. கொடுத்த தொகையைப் பிள்ளையிடம் சொல்லிக் காட்டாதீர்கள்.

5. பள்ளிப் படிப்பும் சனி, ஞாயிறு மதரஸாவும் பந்தயத்துக்காக நிற்க வேண்டாம். ஆட்டம் முடிந்தபின் நிற்கும் தரை அவையே.

6. திறமை உண்மையில் பெரிதானால், அதைப் பள்ளியும் மாநிலச் சங்கமும் கண்டுகொள்ளும். 1996-இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியைப் போன்ற அரசாங்கப் பள்ளிகள் இதற்காகவே இருக்கின்றன. தகப்பன் தனியாகச் சுமக்குமுன் அந்த வழியை விசாரிப்பதே விவேகம்.

7. வருஷத்துக்கு ஒருமுறை, நாம் கடையில் சரக்கிருப்பு எடுப்பதுபோல், “இன்னும் ஆட விருப்பமா?” என்று பிள்ளையைக் கேளுங்கள். அவன் பதிலுக்குக் கோபிக்காதீர்கள்.

இவற்றை அன்பரிடம் சொன்னேன். அவர் ஏழாவதைக் கேட்டதும் மௌனமானார். “நான் அவனைக் கேட்டதே இல்லை காக்கா” என்றார்.

அடுத்த வாரம் மீண்டும் வந்தார். மகனைக் கேட்டாராம். அவன் சொன்னதை அப்படியே சொன்னார்: “ஆட்டம் எனக்குப் பிடிக்கும் வாப்பா. தோற்றுவிட்டுக் காரில் வரும்போது நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களே, அதுதான் பயமாக இருக்கிறது.”

இரண்டாவது கடையை அவர் கொடுக்கவில்லை. பையன் வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம்பி, தங்கையுடன் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் பந்து விளையாடுகிறான். வாப்பாவும் போய் நிற்கிறார். பையன் நாளை நாட்டுக்காக ஆடுவானா என்பது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாற்பது வயதிலும் அவன் மட்டையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவான் என்ற நம்பிக்கை மட்டும் எங்கள் இருவருக்கும் உண்டாகியிருக்கிறது.

சகோதரர்களே! பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விற்று முதலெடுக்கும் சரக்கன்று. இந்த வாரம் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையை அடைத்துவிட்டு, உங்கள் பிள்ளை ஆடுவதைப் போய்ப் பாருங்கள். வென்றானா என்று கேட்க வேண்டாம். திரும்பும் வழியில் அவனோடு பேசிக்கொண்டு வாருங்கள்.